தொட்டிக்குள் என் குரல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒன்று, நான் கணக்கு டீச்சர். பதினான்கு வருஷமாகத் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "போய் வேலையப் பாருங்கப்பா" என்று எழுந்து போய்விடுகிற ஆள். அன்றைக்குக் கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நேரம் பார்த்தேன். இதில் ஒரு நிமிஷம்கூட நானாகச் சேர்த்தது இல்லை.

என் பெயர் தமிழ்வாணி. தம்பி தமிழ்மாறன். வீட்டில் மாறன். எங்கள் அம்மாவும் அப்பாவும் உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்து எங்களைப் படிக்க வைத்தவர்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. எனக்கு அவன், அவனுக்கு நான். அவனுக்கு முப்பத்து நாலு வயது. சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறான். பெண்டாட்டி கயல், ஒரு பெண் குழந்தை. இத்தனை ஆன பிறகும், அக்கா கூப்பிட்டாள் என்றால் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

திருநகரைத் தாண்டி ஒரு புது மனைப்பிரிவில் போன வருஷம் வீடு கட்டினேன். சுற்றிலும் சீமைக்கருவேலம். என் வீட்டுக்காரர் குவைத்தில். அதனால் கடைக்கால் தோண்டியதிலிருந்து எல்லாம் நான்தான். சமையல் மேடை என் உயரத்துக்கு. ஜன்னல் கம்பி நான் வரைந்து கொடுத்த டிசைன். எங்கள் வம்சத்தில் முதல் மாடி வீடு, சும்மாவா? ஒவ்வொரு செங்கலுக்கும் யாரையாவது திட்டியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்தக் கோபத்தில்தான் அந்தத் தப்பும் நடந்தது.

போர்ட்டிகோவுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. ஏழடி ஆழம். மேலே கான்கிரீட் மூடாக்கு, ஓர் ஆள் இறங்குகிற அளவுக்குச் சதுரமாக ஒரு வாய், அதற்கு ஓர் இரும்பு மூடி. கான்கிரீட் போடுவதற்கு முன் அடியில் பலகை அடித்து முட்டுக் கொடுப்பார்கள். கான்கிரீட் இறுகியதும் அந்த வாய் வழியாக ஓர் ஆள் இறங்கிப் பலகைகளைப் பிரித்து வெளியே கொடுப்பான். பலகையெல்லாம் வாடகைக்கு வருவது. இன்றைக்கு உங்கள் வீடு, அடுத்த மாதம் இன்னொருவர் வீடு.

பலகை வந்து இறங்கிய அன்று, அந்த வேலை செய்கிற சுடலை ஒரு பலகையை மட்டும் தனியாக எடுத்து மதிலோரம் சாய்த்து வைத்தான்.

"அது எதுக்கு அங்க?"

"இது வேணாம்க்கா."

"ஏன்?"

அவன் அடுத்த பலகையைத் தூக்கப் போய்விட்டான். நானே போய்ப் பார்த்தேன். நல்ல பலகை. ஓரத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி, அதில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. இன்னொரு முனையில் வரிசையாக நான்கு கீறல். அவ்வளவுதான்.

"வாடகைக்கு வந்த பலகைக்கு என்ன நொட்டை சொல்ற நீ? அடிச்சு விடு. தொட்டிக்குள்ளதான போகுது, யாரு பாக்கப் போறா?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அடித்தான். மறுநாள் கான்கிரீட் போட்டார்கள். அதோடு சரி, சுடலை வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நாய் கீய் விழுந்துவிடக் கூடாதே என்று தொட்டியின் மூடியைப் போட்டு, அதன்மேல் எட்டு டைல்ஸ் பெட்டியை அடுக்கினேன். இருபத்திரண்டு நாள் அப்படியே கிடந்தது.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அதை விட்டால் புரட்டாசி. என் வீட்டுக்காரருக்குப் பதினைந்து நாள்தான் லீவு. நான் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். உள்ளே பெயிண்ட் வேலை நடக்க, நான் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன்.

திங்கட்கிழமை. காலை 10:50.

டொக்... டொக்... டொக்...

காலுக்குக் கீழே. மூன்று தட்டல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. வெயிலில் பலகை நெகிழ்கிறது என்று நினைத்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு நின்றது.

செவ்வாய்க்கிழமை. 10:50. அதே மூன்று தட்டல். ஆனால் போர்ட்டிகோவில் இல்லை. சமையலறைத் தரைக்கு அடியில். தொட்டி அங்கே வரை வரவே இல்லை. அதற்கு நான்தான் பிளான் போட்டேன், எனக்குத் தெரியாதா? பதினோரு மணிக்கு நின்றது.

புதன்கிழமை தட்டல் வேகமாக இருந்தது. கடைசியில் மெதுவாகி... மெதுவாகி... 11:00. பிறகு ஒன்றுமில்லை. பெயிண்டரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே டீச்சர்" என்றான். அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன், அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கொத்தனார் சின்னச்சாமி வந்தார். சனிக்கிழமை தண்ணீர் லாரி வருகிறது, அதற்குள் தொட்டியில் பலகையைப் பிரித்தாக வேண்டும். டைல்ஸ் பெட்டிகளை நகர்த்தி மூடியைத் திறந்தார்.

ஊறிய மர வாடை வந்தது. கூடவே இன்னொரு வாடை.

பீடி. இப்போதுதான் பற்ற வைத்த மாதிரி.

"நீங்க குடிக்கிறீங்களாண்ணே?"

"நான் தொடுறதே இல்ல டீச்சர்."

அவர் முகம் மாறியது. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, நூலில் கட்டி உள்ளே இறக்கினார். மூன்றடி இறங்குவதற்குள் பொசுக்கென்று அணைந்தது.

"பாத்தீங்களா, காத்து செத்துக் கெடக்கு. இதுல எறங்குனா ரெண்டே நிமிசம், ஆளு காலி. மூடி தெறந்தே கெடக்கட்டும். சனிக்கிழம காலைல காத்தாடி வச்சு ஊதிட்டு நானே எறங்குறேன். அதுவரைக்கும் ஒரு ஈ, காக்கா எறங்கக் கூடாது."

ஐந்தே முக்காலுக்கு மாறன் வண்டியில் பாத்திரம், அண்டா எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தான். சின்னச்சாமி அவனிடமும் அதையே சொன்னார். "நமக்கு எதுக்குண்ணே வம்பு" என்று சிரித்தான். தொட்டி வாயைச் சுற்றி நான்கு கல் வைத்துக் கயிறு கட்டினது அவன்தான். பெயிண்டரும் சின்னச்சாமியும் ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

6:31. கரண்ட் போனது.

மாடித் தொட்டியின் வால்வைப் பார்க்க வேண்டியிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. மாறன் போனை வாங்கி டார்ச் போட்டுக்கொண்டு மேலே போனேன். அவன் கீழே அண்டாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

6:39. அண்டாச் சத்தம் நின்றது.

கீழேயிருந்து மாறன் குரல்.

"என்னக்கா?"

நான் கூப்பிடவில்லை. போனில் பேசுகிறான் போல என்று வால்வைத் திருகினேன்.

"எங்கருக்க நீ?"

திருகினேன்.

"அய்யய்யோ... எப்புடி விழுந்த? இந்தா... இந்தா வாரேன்க்கா!"

அப்போதுதான் உறைத்தது.

அவன் போன் என் கையில் இருக்கிறது.

ஓடினேன். பத்தொன்பது படி. எத்தனை படியில் கால் வைத்தேன் என்று தெரியாது. முழங்கால் ஓரிடத்தில் தேய்ந்து ரத்தம் வந்தது, அதைக்கூட மறுநாள்தான் பார்த்தேன்.

கயிறு அவிழ்ந்து கிடந்தது. நான்கு கல்லும் ஓரமாக இருந்தன.

மாறன் இடுப்பு வரை தொட்டிக்குள் இருந்தான். இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, உள்ளே காலால் எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

"டேய்!"

அவன் திரும்பவில்லை.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். கிழிந்தது. தலைமுடியைப் பிடித்தேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"விடுங்க! எங்கக்கா உள்ள கெடக்கு!"

என்னை 'விடுங்க' என்கிறான். யாரோ எவளோ என்பது போல.

"டேய் மாறா, நான்டா!"

"விடுங்கங்க... மூச்சு முட்டுதுங்குது..."

ஓங்கி ஓர் அறை விட்டேன். என் வாழ்க்கையில் அவனை நான் அடித்தது அது ஒரு தடவைதான்.

கண்ணைச் சிமிட்டினான். என்னைப் பார்த்தான். மாடிப்படியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"நீ... மேலருந்தா வார?"

அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். மணி பார்த்தேன். 6:44.

அப்போது கேட்டது.

தொட்டிக்குள்ளிருந்து.

"மாறா..."

என் குரல்.

"கையக் குடுடா..."

என் வாய் மூடியிருந்தது. அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாறா... அக்காடா..."

அவன் உதடு பிரிந்தது. பதில் சொல்லப் போகிறான். பழக்கம்.

அவன் வாயைப் பொத்தினேன். அழுத்திப் பொத்தினேன். அவன் பல் என் உள்ளங்கையில் பதிந்தது.

அது மூன்று தடவை கூப்பிட்டது.

பிறகு சிரித்தது.

நான் அப்படிச் சிரிக்க மாட்டேன்.

வண்டிக்கு எப்படி ஓடினோம், மெயின் ரோட்டு டீக்கடைக்கு எப்படி வந்தோம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. டீக்கடைக்காரர், "என்ன டீச்சர், ஆக்ஸிடென்ட்டா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கேஸ் ஏறுனா மூளை அப்படித்தான் கொழம்பும்" என்றார். சரி, மாறனுக்குக் குழம்பியது. நான் தொட்டிக்குள் இறங்கவே இல்லையே, எனக்கு எப்படிக் குழம்பும்?

சின்னச்சாமி இரண்டு மணி நேரம் காத்தாடி வைத்து ஊதினார். மெழுகுவர்த்தி அடிவரை எரிந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். ஐந்து நிமிஷத்தில் ஏறிவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை.

"யாரு டீச்சர் பலகை பிரிச்சது?"

"யாரும் எறங்கலையேண்ணே."

"அம்புட்டும் பிரிச்சுக் கெடக்கு. ஓரமா அடுக்கி, ஆணியெல்லாம் புடுங்கி நிமித்திக் குவிச்சு வச்சிருக்கு. நல்ல வேலைக்காரன் செஞ்ச வேலை." இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "ஒரே ஒரு பலகை மட்டும் நிக்குது. நேரா வாய்க்குக் கீழ. ஏணி கணக்கா சாச்சு வச்சிருக்கு."

மஞ்சள் கயிறு கட்டிய பலகை. மாறன் காலால் துழாவியது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினோம். பால் நன்றாகப் பொங்கியது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், வீடு பிரமாதம் என்றார்கள். மாறன் மட்டும் வாசலுக்கு வெளியே, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சோற்றை அங்கேயே கொண்டு போய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வேறு வண்டி பிடித்துப் பலகைகளைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். உசிலம்பட்டி ரோட்டில் வாடகைக் கடை. முதலாளி பெயர் பேயாண்டி. குலசாமி பெயர்தான், ஆள் தங்கமான மனிதர். ஒவ்வொரு பலகையாக இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த ஒன்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இது எப்புடி உங்ககிட்ட வந்துச்சு?"

"உங்க கடை லோடுலதான் வந்துச்சு."

"இத நான் பின்னாடி செவத்தோரம் தனியா வச்சுருந்தேன் டீச்சர். யாரும் தொடக் கூடாதுன்னு மஞ்சக் கயிறு கட்டுனதே நான்தான்."

நான் நடந்ததைச் சொல்லவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, வீரணன், நல்லகாமன். எங்கிட்டதான் பலகை எடுப்பாய்ங்க. மூடிக் கெடந்த தொட்டி. தம்பிக்காரன் நல்லகாமன், வாயில பீடிய வச்சுக்கிட்டு காலைல எறங்கிருக்கான். அண்ணன் அப்ப அங்க இல்ல, ஆணி வாங்கப் போயிட்டான். வந்து பாத்தா தம்பியக் காணோம். வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சு வேற வேலையப் பாத்துருக்கான். சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். தொட்டிக்குள்ளருந்து, 'அண்ணே, கையக் குடுண்ணே'ன்னு சத்தம். ரோட்டுல நின்னவய்ங்களுக்கும் கேட்டுருக்கு. 'இந்தா வாரேன்டா'ன்னு வீரணன் உள்ள எறங்குனான். போனவன் போனவன்தான்."

பலகையின் நான்கு கீறலைக் காட்டினார்.

"இது வீரணன் நகம்."

பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"அதக்கூட விடுங்க. ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்துட்டுச் சொன்னாக... தம்பி காலைல பதினோரு மணிக்கே செத்துட்டானாம்."

பதினோரு மணியிலிருந்து ஆறே முக்கால். ஏழே முக்கால் மணி நேரம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு கணக்குப் போட்டது.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க தம்பி பதில் குடுத்தாரா?"

நான் குனிந்துகொண்டேன்.

"டீச்சர். வாரேன்னு வாய் வார்த்த குடுத்துட்டாரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "நல்லகாமன அவன் சாகுறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி வேறொரு எடத்துல இதே மாதிரி இழுத்து வெளிய போட்டுருக்காக. அவனும் வாரேன்னுட்டுத்தான் எறங்குனானாம். 'செத்துப்போன எங்க அய்யா கூப்டாரு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்."

அந்த ஒரு பலகையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்கே அதைக் கோடாலியால் பிளந்து எரித்தேன். எரிந்து முடிய மூன்று மணி நேரம் ஆனது. தொட்டியில் மணல் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் கயல் போன் பண்ணினாள்.

"மதினி, தெனம் சாயங்காலம் நீங்க இவருகூடப் பேசுறீகளா?"

"இல்லையே. ஏன்?"

"ஆறே முக்காலு ஆனா எந்திரிச்சு வாசலுக்குப் போறாரு. 'இந்தா வாரேன்க்கா'ங்குறாரு. யாருங்கன்னு கேட்டா நீங்கதான் கூப்புடுறீகன்னு சொல்றாரு. தெருக்கோடியில ஒருத்தக வீடு கட்டுறாக மதினி. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து எனக்கும் கேட்டுச்சு மதினி. உங்க கொரல்தான்."

என் வீட்டுத் தொட்டியைத்தான் மூடியாயிற்றே என்று, அன்று இரவே மூன்று பேரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பாவி நான், அந்தப் பலகையை அடிக்கச் சொன்ன வாய் இந்த வாய்தானே. இப்போது தினமும் ஆறரை மணிக்கு மாறனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறேன். அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். வாயை இறுக மூடிக்கொள்வேன். ஏழு மணி வரைக்கும் பேச மாட்டேன், இருமக்கூட மாட்டேன். என் உதடு அசையவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அவன் எழுந்து போகாமல் இருக்கிறான். எட்டு மாதமாக இப்படித்தான் போகிறது. எட்டு மாதமாக எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும்தான்.

நேற்று வரை.

நேற்று 6:44. அவன் கை என் கையில் இருந்தது. அவன் கண் என் உதட்டில் இருந்தது. அவன் வாய் மூடியிருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது.

போர்ட்டிகோவில், மணலும் கான்கிரீட்டும் போட்டு மூடிய இடத்தில்...

டொக்... டொக்... டொக்...

"அக்கா..."

மாறன் குரல்.

"அக்கா, கையக் குடுக்கா..."

பிறந்ததிலிருந்து என்னை அப்படிக் கூப்பிடுகிற பிள்ளை. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

மாறன் பாய்ந்து என் வாயைப் பொத்தினான்.

அதற்குள் பாதி வார்த்தை வெளியே வந்துவிட்டது.